ஆறு ஆதாரமா, ஏழு சக்கரமா? எதைச் சமன்படுத்துவது?

வாய்க்கால்கரை (கேள்வி):

யோகா சான்றிதழ் வகுப்புக்குத் தமிழில் 40 பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. ஆசனப் பகுதி முடிந்துவிட்டது. "யோகத்தின் தோற்றம்", "சக்கரங்களைச் சமன்படுத்துதல்" ஆகிய இரண்டு அத்தியாயங்களில்தான் வண்டி நிற்கிறது.

"யோகக் கலை 5000 ஆண்டுப் பழமையானது" என்று முதல் வரி, பக்கத்தில் மொகஞ்சதாரோ முத்திரைப் படம். எல்லாக் கையேட்டிலும் இப்படித்தான் இருக்கிறது. அப்படியே போட்டுவிடலாமா?

அடுத்து, உடம்பில் தியானத்துக்குச் சொல்லப்படும் இடங்களான சக்கரங்களுக்கு (ஆதாரங்களுக்கு) கையில் இரண்டு படங்கள். ஒன்றில் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு மண், எழுத்து "லம்". அதற்கு மேலுள்ள சுவாதிட்டானத்துக்கு நீர், "வம்". அப்படியே மேலே போகிறது. இன்னொரு படத்தில் மூலாதாரத்தில் பிள்ளையாரும் ஓங்காரமும். சுவாதிட்டானத்தில்தான் மண், அங்கே எழுத்து "ந". இரண்டில் எது பிழை? இது போதாதென்று சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் நிறங்கள் வேறு. அந்த நிறங்கள் எந்த நூலில் இருக்கின்றன?

கடைசியாக, 20 நிமிடப் பயிற்சி ஒன்று வேண்டும். சக்கரங்களைச் சமன்படுத்த என்ன செய்ய வேண்டும், எத்தனை எண்ணிக்கை, யார் செய்யக்கூடாது என்று அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

முதல் வரியை எடுத்துவிடுங்கள். படத்தை வைத்துக்கொள்ளலாம், கீழே எழுதும் குறிப்பில்தான் கவனம் வேண்டும்.

அந்த முத்திரை 1928-29 அகழ்வில் கிடைத்தது. சுமார் மூன்றரை சென்டிமீட்டர்ச் சதுரம்; தீப்பெட்டியை விடச் சிறியது. கொம்பு வைத்த தலையணியோடு ஓர் உருவம் குதிகால்களைச் சேர்த்து உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. 1931ல் வெளியான அகழ்வறிக்கையில் ஜான் மார்ஷல் இதைச் சிவனின் முன்வடிவம் என்றார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. முத்திரையின் மேல் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாரும் எல்லோரும் ஏற்கும்படி வாசிக்கவில்லை. ஆக, "ஓர் உருவம் அமர்ந்திருக்கிறது" என்பது கண்ணுக்குத் தெரிவது. "யோகம் செய்கிறது" என்பது பார்க்கிறவர் சேர்ப்பது. குறிப்பில் இந்த இரண்டையும் கலக்காதீர்கள்.

எழுத்துச் சான்று கட உபநிடதத்தில் தெளிவாக இருக்கிறது. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி என்ற உவமை அதில்தான் வருகிறது. புலன்களை அசையாமல் பிடித்து வைப்பதே யோகம் என்று அதுவே சொல்கிறது. இதயத்திலிருந்து 101 நாடிகள், அவற்றில் ஒன்று மட்டும் உச்சிக்குப் போகிறது என்பதும் அங்கேயே. சுவேதாசுவதர உபநிடதம் இன்னும் காரியக்காரத்தனமானது: உடலின் மேற்பகுதியை நேராக வை, சமமான சுத்தமான இடம் பார், கூழாங்கல்லும் மணலும் நெருப்பும் வேண்டாம், காற்றடிக்காத இடமாக இருக்கட்டும் என்கிறது. உங்கள் கையேட்டில் "இடத்தைத் தேர்ந்தெடுத்தல்" பகுதிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "புலனடக்கம் என்ற பொருளில் யோகத்துக்கு 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் 195 சூத்திரங்கள். சில பதிப்புகளில் 196. ஆசனம் பற்றி அதில் மூன்றே மூன்றுதான் இருக்கின்றன. முதலாவது, உட்காரும் நிலை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது. திரிகோணாசனமும் இல்லை, சூரிய நமஸ்காரமும் இல்லை. சக்கரம் என்ற சொல் அதன் மூன்றாம் பாதத்தில் (பகுதியில்) ஒருமுறை வருகிறது: நாபிச் சக்கரத்தில் மனத்தை நிறுத்தினால் உடலின் அமைப்பு தெரியும் என்று. ஆறும் அங்கே இல்லை, ஏழும் இல்லை. 15ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகையில்கூட விவரிக்கப்படும் ஆசனங்கள் 15தான். பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவை. இன்று வகுப்பில் நாம் நின்றபடி செய்யும் வரிசைகள் பலவும் 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் காலத்தில் உருப்பெற்றவை. இதைச் சொல்வதால் கலைக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

சக்கர எண்ணிக்கைக்கு வருகிறேன். தொடக்கத்திலிருந்தே அது ஒன்றாக இருந்ததில்லை. பௌத்தத் தந்திர நூலான ஹேவஜ்ரத்தில் நான்குதான்: நாபியில் 64 இதழ்த் தாமரை, இதயத்தில் 8, கண்டத்தில் 16, தலையில் 32. சைவ ஆகமப் பூசை முறையில் இதயம், கண்டம், அண்ணம், புருவ நடு, பிரமரந்திரம் (உச்சி) என்று ஐந்து இடங்கள். ஆறு என்ற கணக்கு குப்ஜிகா என்ற தேவியின் வழிபாட்டு மரபில் பரவி மற்றவற்றை மெல்ல ஓரங்கட்டியது. 1577ல் வங்காளத்துப் பூர்ணானந்தர் எழுதிய நூலின் ஆறாம் அத்தியாயம்தான் சட்சக்கர நிரூபணம், அதாவது ஆறு சக்கர விளக்கம். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ரோஃப், ஆர்தர் அவலோன் என்ற புனைபெயரில் அதை 1919ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்கச் சுற்றும் "ஏழு சக்கரம்" பெரும்பாலும் அந்த ஒரே நூலின் வாரிசு. ஆறோடு உச்சித் தாமரையையும் ஒரு சக்கரமாகக் கூட்டியதால் ஏழு.

நிறத்தைக் கேட்டீர்கள். பூர்ணானந்தர் நூலில் மணிபூரகத்தின் (தொப்புள்) இதழ்கள் மழைமேகக் கருமை. அநாகதம் (நெஞ்சு) செந்நிறம். ஆக்கினை (புருவ நடு) நிலவு போல வெண்மை. வானவில் படத்தில் இவை முறையே மஞ்சள், பச்சை, கருநீலம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை, பாருங்கள். வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டு மேற்கத்தியச் சேர்க்கை, 1970களில்தான் நிலைத்தது. அதற்கு முன் 1927ல் அடையாறு பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் தன் கணக்குக்குச் சுவாதிட்டானத்தைத் தூக்கிவிட்டு மண்ணீரலில் ஒரு சக்கரம் வைத்தார். ஆளாளுக்குக் கை வைத்த வரலாறு இது. நிறப் படம் அழகாக இருக்கிறது என்று போடுவதானால் "தற்கால வழக்கம்" என்று கீழே இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

தேரடிநிழல்:

இரண்டு படங்களில் எதுவும் பிழையில்லை. இரண்டையும் ஒட்டுப்போட்டுப் புதிதாக ஒன்று செய்வதுதான் பிழை. சந்தையில் அப்படிப்பட்ட படங்கள்தான் அதிகம்.

லம், வம், ரம், யம், ஹம் என்று போவது வடநூல் வழி. மண் மூலாதாரத்தில் தொடங்கி, வெளி (ஆகாயம்) தொண்டையிலுள்ள விசுத்தியில் முடியும். ஆக்கினை பூதங்களைக் கடந்தது, அங்கே ஓம். தமிழ்ச் சைவ, சித்தர் வழியில் ஓங்காரம் அடியிலேயே நிற்கிறது. மூலாதாரத்தில் விநாயகர். பிறகு ஒவ்வொரு படியாக: சுவாதிட்டானத்தில் மண்ணும் நகரமும் ("ந" என்ற எழுத்து) பிரமனும், மணிபூரகத்தில் நீரும் மகரமும் திருமாலும், அநாகதத்தில் தீயும் சிகரமும் ("சி" என்ற எழுத்து) உருத்திரனும், விசுத்தியில் காற்றும் வகரமும் மகேசுவரனும், ஆக்கினையில் வெளியும் யகரமும் சதாசிவனும். ஐந்தெழுத்து ஒரு ஏணி மாதிரி ஏறுகிறது. வடநூல் படத்தோடு ஒப்பிட்டால் பூதங்கள் ஒரு படி மேலே தள்ளி உட்கார்ந்திருப்பது தெரியும். உங்களைக் குழப்பியதும் அந்த ஒரு படிதான்.

இதழ் எண்ணிக்கையில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. திருமந்திரம் ஏழாம் தந்திரம் (பகுதி) ஆறாதாரத்தில்தான் தொடங்குகிறது. முதல் பாட்டிலேயே நாலு, இருமூன்று, ஈரைந்து, ஈராறு, பதினாறு, இரண்டு என்று திருமூலர் எண்ணி வைத்துவிடுகிறார். கூட்டினால் ஐம்பது. வடமொழி எழுத்துகளும் ஐம்பது. இதழுக்கு ஒன்றாக வைப்பார்கள்.

சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திருமந்திரத்தில் "சக்கரம்" என்று வருவதையெல்லாம் உடம்புக்குள் தேடாதீர்கள். நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், புவனாபதி சக்கரம் என்று வருபவை தகட்டிலோ தரையிலோ கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுத்தை அடைக்கும் சக்கரங்கள். உடம்பில் உள்ள இடத்துக்கு அவர் சொல் "ஆதாரம்". கையேட்டிலும் ஆதாரம் என்றே எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

விநாயகர் அகவலையும் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். "மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறி வித்தே" என்ற இடத்தில் "காலால்" என்றால் பாதத்தால் என்று உரை எழுதிய ஒரு கையேட்டைப் பார்த்திருக்கிறேன், குதிகாலை எங்கே வைக்க வேண்டும் என்ற படத்தோடு! அங்கே கால் என்றால் காற்று. மூச்சால் எழுப்புவது. திருமூலரும் "ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும்" என்பார். அங்கே இருகால் என்றால் இடகலை (இடது), பிங்கலை (வலது) வழியாக ஓடும் இரண்டு மூச்சு.

தலங்களையும் ஒட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு: திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்கினை. சேர்ப்பதானால் பக்கத்திலேயே பஞ்சபூதத் தலப் பட்டியலை வைக்காதீர்கள். சிதம்பரம் அங்கே ஆகாயத் தலம், காளத்தி காற்றுத் தலம். எந்த ஆதாரப் படத்தோடு வைத்துப் பார்த்தாலும் முழுசாகப் பொருந்தாது. மாணவர் கேட்டால் நீங்கள்தான் விழிக்க வேண்டும். அவை தனித்தனி மரபுகள்.

இனி "சமன்படுத்துதல்". பழைய நூல்களில் ஆதாரங்களைச் சமன்படுத்தும் பேச்சு கிடையாது. அங்கே வினை வேறு: ஏறுதல், ஊடுருவுதல், திறத்தல். வடமொழியில் சட்சக்கர பேதனம் என்பார்கள். பேதனம் என்றால் துளைத்தல். ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று தராசு வைத்தவர் யாருமில்லை. சமன் என்ற சொல் மூச்சுக்கு உண்டு. மூக்கினுள் ஓடும் பிராணன், அபானன் என்ற இரண்டு காற்றையும் சமமாக்கி என்று கீதை ஐந்தாம் அத்தியாயத்திலேயே வருகிறது. அத்தியாயத் தலைப்பை அந்தப் பக்கம் திருப்பினால் நூலாதாரமும் கிடைக்கும், செய்வதற்கு உருப்படியான ஒரு பயிற்சியும் கிடைக்கும்.

வாய்க்கால்கரை:

இருவருக்கும் நன்றி. தமிழ் வழிப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

மூச்சு என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். திருமந்திரத்தில் இடப்பக்கம் ஈரெட்டு பூரகம், அறுபத்து நாலு கும்பகம், முப்பத்திரண்டு ரேசகம் என்று அளவே இருக்கிறதே. அதை அப்படியே பயிற்சியாக வைக்கலாமா? ஒரு எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

பாய்விரிப்பு:

வைக்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். எண்ணிக்கைக்கு ஒரு வினாடி என்றால் 16 உள்ளே, 64 நிறுத்தம், 32 வெளியே: ஒரு பக்கத்துக்கு 112 வினாடி. அடுத்த மூக்கிலும் செய்தால்தான் ஒரு சுற்று. 224 வினாடி, அதாவது மூன்றே முக்கால் நிமிடத்தில் இரண்டே மூச்சு. சான்றிதழ் வகுப்புக்கு நேற்று வந்தவர் இதை முயன்றால் நாற்பதாவது எண்ணில் முகம் சிவந்து, வெளிவிடும்போது மொத்தக் காற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார்.

திருமந்திரப் பாட்டில் உள்ள மாத்திரை என்ற கால அளவும் கடிகார வினாடி இல்லை. நமக்குத் தெரிந்த இலக்கண மாத்திரை கண்ணிமைப்பும் கைநொடியும். யோக நூல்களில் முழங்காலை ஒருமுறை கையால் சுற்றி விரல் சொடுக்கும் நேரம் என்று வேறோர் அளவும் இருக்கிறது. பாட்டிலிருந்து எடுக்க வேண்டியது விகிதம்: 1:4:2. அதுவும் கடைசிப் படி. முதல் படியைச் சொல்கிறேன்.

உட்காருவதிலேயே பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். தரையில் சப்பணமிட்டால் முட்டி இடுப்பை விட உயரமாக நிற்கும், கீழ்முதுகு வளைந்துவிடும், உதரவிதானம் இறங்க இடமிருக்காது. ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள், நான்கு முதல் ஆறு விரல் உயரம். முட்டி தரைப்பக்கம் இறங்கும் வரை மடிப்பைக் கூட்டலாம். முட்டி வலி உள்ளவருக்கு நாற்காலி; பாதம் முழுதும் தரையில் பட வேண்டும், முதுகு சாயக்கூடாது.

வலது கை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கையில் மடக்குங்கள். கட்டைவிரல் வலது மூக்குக்கு, மோதிரவிரல் இடது மூக்குக்கு. விரல் வைக்கும் இடம் முக்கியம். மூக்கின் மேலிருந்து விரலால் தடவி வாருங்கள். எலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் விளிம்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே வைத்தால் மெல்லத் தொட்டாலே அடைபடும். எலும்பின் மேல் வைத்து அழுத்துகிறவருக்கு மூக்கு வலிக்கும், காற்றும் கசியும். நுனியில் வைத்துக் கிள்ளினால் நடுச்சுவர் வளைந்து மற்ற துவாரமும் பாதி அடைபடும்.

இடது வழியாக 4 எண்ணி உள்ளே, வலது வழியாக 4 எண்ணி வெளியே. வலது வழியாக 4 உள்ளே, இடது வழியாக 4 வெளியே. இது ஒரு சுற்று, 16 வினாடி. ஒன்பது சுற்று போதும், இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எப்போதும் இடதில் தொடங்கி இடதில் முடிக்க வேண்டும். மாற்றுவது உள்ளிழுத்த பிறகு மட்டும். வெளிவிட்டவுடன் மாற்றுவதுதான் புதியவர் செய்யும் பெரிய குழப்பம்; அப்படிச் செய்தால் எப்போதும் ஒரே மூக்கில்தான் உள்ளே போய்க்கொண்டிருக்கும். மூன்று வாரம் கழித்து 4 உள்ளே, 8 வெளியே. அதில் ஒரு சுற்று 24 வினாடி, பத்துச் சுற்றுக்கு நான்கு நிமிடம். அதற்குப் பிறகு, ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் மட்டும், 4:4:8 (4 உள்ளே, 4 நிறுத்தம், 8 வெளியே). சான்றிதழ் வகுப்பு அதோடு நிற்கட்டும்.

எண்ணிக்கை நீளமாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அடுத்த மூச்சை அவசரமாக இழுப்பது. வெளிவிட்டு முடித்ததும் "ஹப்" என்று காற்று உள்ளே போனால் 4ஐ 3 ஆக்குங்கள். இன்னும் சில: சற்று நேரத்தில் வலது முழங்கை தொங்க ஆரம்பிக்கும், கூடவே தலையும் வலப்பக்கம் சாயும், இடது கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கலாம். மூச்சில் சத்தம் வந்தால் வேகம் அதிகம். விரல் நுனி மரத்தாலோ உதட்டைச் சுற்றி எறும்பு ஊறினாலோ பயிற்சியை நிறுத்திக் கையைக் கீழே போட்டுச் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள். சிலர் அதைக் "குண்டலினி அசைகிறது" என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுப்பார்கள். அங்கேதான் மயக்கம் வரும்.

சளியில் மூக்கு முழுதும் அடைத்திருந்தால் அன்று விரல் வைக்காமல் இரண்டு மூக்காலும் எண்ணிக்கையை மட்டும் செய்யட்டும். நேத்தி (உப்புநீரால் மூக்கைக் கழுவுதல்) செய்கிறவர்களுக்கு: அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் நாலரை கிராம் உப்பு, வெதுவெதுப்பாக. உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, கிருமி மூக்கு வழியாக மூளைக்கே போகும் ஆபத்து உண்டு.

அடுத்த பகுதி ஆறு இடங்களில் கவனம். இங்கே விரல் இல்லை, எண்ணிக்கையும் தளர்வு. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து மூச்சு. குதத்துக்கும் குறிக்கும் நடுவில் தொடங்கி, அடிவயிறு, தொப்புள், நெஞ்சு நடு, தொண்டைக்குழி, புருவ நடு. வெளிமூச்சில் அந்த இடத்துக்குரிய எழுத்தை மனத்துக்குள் ஒருமுறை. முப்பது மூச்சு, நிதானமாகச் செய்தால் நான்கைந்து நிமிடம். மேலே போனபிறகு திரும்ப ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மூச்சாகக் கீழே இறங்கி முடிக்க வேண்டும். புருவ நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்தால் சிலருக்குத் தலை கனமாக இருக்கும். புருவ நடு என்றதும் கண்ணை மேலே உருட்டுவார்கள். அதுதான் தலைவலிக்குக் காரணம். கண் மூடி, விழி நேராக, கவனம் மட்டும் அங்கே. அடியில் கவனம் வைக்கும்போது தசையை இறுக்கிப் பிடிப்பதும் வேண்டாம். மூலபந்தம் தனிப் பயிற்சி, அதை இதோடு கலக்காதீர்கள்.

20 நிமிடத்துக்கு இப்படிப் பிரிக்கலாம்: உட்கார்ந்து மூச்சைச் சும்மா கவனிக்க 3, நாடிசுத்தி (மேலே சொன்ன மூக்கு மாற்றி விடும் மூச்சு) 5, சும்மா இருக்க 1, ஆறு இடம் 6, மல்லாந்து படுக்க 5. சாப்பாட்டுக்குப் பின் நாலு மணி நேரம், டிபன் என்றால் இரண்டு மணி நேரம் கழியட்டும்.

ஸ்டெத்:

மருத்துவப் பக்கத்திலிருந்து சில வார்த்தை. விரல் மரத்துப்போவதற்குக் காரணம், தேவைக்கு மேல் மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைவதுதான். ஆக்சிஜன் கூடியதால் வந்தது என்று எழுதிவிடாதீர்கள், நிறைய இடத்தில் அப்படி இருக்கிறது.

மூச்சை நிறுத்தும் பயிற்சி கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். கபாலபாதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) சேர்க்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டியலோடு குடலிறக்கம், வலிப்பு, அண்மையில் வயிற்று அறுவை செய்தவர் என்று நீளும். நிறுத்தமில்லாத 4:4 இவர்களில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. ஆனாலும் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், பதற்றத் தாக்கு வருகிறவர் நெடுநேரம் கண்மூடி உள்ளே கவனிக்கும்போது சில சமயம் மோசமாவது உண்டு. கண்ணைத் திறந்து செய்ய அனுமதியுங்கள்.

இடகலை, பிங்கலை பகுதியில் ஒரு செய்தி சேர்க்கலாம். மூக்கினுள் இருக்கும் மடிப்புச் சதை ஒரு பக்கம் வீங்கும்போது மறுபக்கம் சுருங்கும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். எல்லோருக்கும் நிகழும் இயல்பு இது. கைக்கண்ணாடியை மூக்கடியில் பிடித்து மூச்சுவிட்டால் இரண்டு ஆவித் திட்டுகளில் ஒன்று பெரிதாக இருக்கும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் சற்று நேரத்தில் வலது மூக்கு திறக்கும். முன்னோர் இதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் "மூலாதாரம் என்பது அட்ரினல், விசுத்தி என்பது தைராய்டு" என்ற பட்டியலை விட்டுவிடுங்கள். அது இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்யாது. 1855 வாக்கில், பின்னாளில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தை இழுத்துக் கத்தியால் அறுத்து, நூலில் சொன்ன சக்கரம் ஒன்றும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தையும் ஆற்றில் வீசினார். தன் வரலாற்றில் அவரே சொல்வது. தியானத்தில் பாவிக்க வேண்டிய இடத்தைச் சதையில் தேடினால் அந்த முடிவுதான் வரும். சுரப்பிப் பட்டியல் அதே வேலையை அச்சில் செய்கிறது. பெண்டுலம் ஆட்டி "உங்களுக்கு அநாகதம் அடைத்திருக்கிறது" என்று சொல்வதைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை.

தேரடிநிழல்:

ஸ்டெத் சொன்ன கண்ணாடிச் சோதனைக்குத் திருமந்திரத்தில் ஒரு துணைப் பாட்டு இருக்கிறது, வாரசரம் என்ற பகுதியில், எந்தக் கிழமை எந்த மூக்கில் மூச்சு ஓடும் என்று. வெள்ளி, திங்கள், புதன் இடப்பக்கம். சனி, ஞாயிறு, செவ்வாய் வலப்பக்கம். வியாழன் மட்டும் வளர்பிறையில் இடம், தேய்பிறையில் வலம். மாணவர்களை ஒரு மாதம் விடியலில் பார்த்துக் குறித்துவரச் சொல்லுங்கள். ஒத்துப்போகிறதா என்பதை விட, தன் மூச்சைத் தினமும் பார்க்கும் பழக்கம் வருமே, அதுதான் லாபம். நாள் தப்பினால் கெடுதல் வரும் என்று மட்டும் எழுதிப் பயமுறுத்தாதீர்கள்.

வாய்க்கால்கரை:

அத்தியாயத் தலைப்பை "மூச்சைச் சமன்செய்தலும் ஆறு ஆதாரங்களும்" என்று மாற்றிவிட்டேன். சுரப்பிப் பட்டியலும் வானவில்லும் போயாச்சு. முத்திரைப் படத்துக்குக் கீழே "கொம்புத் தலையணியுடன் அமர்ந்த உருவம், மொகஞ்சதாரோ" என்று மட்டும். ஆதார அட்டவணையை இப்படி அமைத்திருக்கிறேன்: முதல் வரிசை மூலாதாரம், ஓம், அடுத்து சுவாதிட்டானம், ந, இப்படியே கீழே போய்க் கடைசி வரிசையில் ஆக்கினை, ய. சரிதானே?

தேரடிநிழல்:

எழுத்தெல்லாம் சரி, அட்டவணையைத் தலைகீழாக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்த உருவத்தின் படம் இருக்கும்; மூலாதார வரிசை தலைக்கு நேரேயும் ஆக்கினை வரிசை இடுப்புக்கு நேரேயும் வந்து நிற்கும். ஆக்கினையை மேலே வைத்து, "கீழிருந்து மேலாகப் படிக்கவும்" என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள்.